கண்ணிவெடிக் கணக்கில் விட்டுப்போனவர்கள்: பாதுகாப்பியல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பாதுகாப்பியலும் சர்வதேச உறவுகளும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் உங்கள் வகுப்பறை ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தேன். முதுகலை முதலாண்டு. நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆபரேஷன் பராக்ரம் என்ற பெயரில் நம் படைகள் மேற்கு எல்லையில் போய் நின்றிருந்தன. சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டிவைத்து, எந்தப் படைப்பிரிவு எங்கே நிற்கிறது, பாகிஸ்தான் எப்போது இறங்கிவரும், அமெரிக்கா யாரை அழுத்தும் என்று மணிக்கணக்கில் பேசினோம். அதே வாரங்களில் ராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு எல்லையோர வயல்களில் லட்சக்கணக்கில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அதைப் பற்றி நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. பரீட்சையிலும் அது வரவில்லை. பத்து மாதம் கழித்துப் படைகள் திரும்பின. போர் நடக்கவில்லை. ஆனால் வெடிகளைப் புதைக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் நம் வீரர்களே செத்தார்கள். விதைக்கவும் அறுக்கவும் முடியாமல் விவசாயிகள் தங்கள் நிலத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த விஷயத்தில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதே மாதிரிப் பேச்சைச் சில மாதங்களாக மறுபடியும் கேட்கிறேன். எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் 2025 டிசம்பர் 27 அன்று ஓட்டாவா ஒப்பந்தத்திலிருந்து வெளியேறின. அடுத்து 2026 ஜனவரியில் பின்லாந்து, பிப்ரவரியில் போலந்து. ஆள்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைச் செய்வதில்லை, வைத்திருப்பதில்லை, பயன்படுத்துவதில்லை என்று கையெழுத்திட்ட நாடுகள் இவை. நம் கருத்தரங்குகளில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான்: "பார்த்தீர்களா, ஆபத்து வாசலுக்கு வந்ததும் அறம் பறந்துவிட்டது. கடைசியில் யதார்த்தவாதம்தான் ஜெயிக்கும்." நாடுகள் அறத்தைவிடத் தங்கள் பலத்தையும் நலனையும்தான் பார்க்கும் என்ற கொள்கைதான் யதார்த்தவாதம். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். கேள்வி நேரம் முடிந்துவிடுகிறது.

அந்த இடத்தில் முடிக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நாடுகளின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்லாந்துக்கு ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை. பால்டிக் நாடுகள் மூன்றையும் 1940-ல் சோவியத் ஒன்றியம் விழுங்கியதை அங்கே பாட்டிமார்கள் இன்னமும் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒருபோதும் சேராத ரஷ்யா, உக்ரைனில் ஏராளமாகக் கண்ணிவெடிகளைக் கொட்டியிருக்கிறது. இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரனை வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு நாம் சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து உபதேசம் செய்ய முடியாது. ஆனால் ஒருவருடைய பயத்தை மதிப்பது வேறு, அந்தப் பயத்தில் அவர் போட்ட கணக்கைச் சரிபார்க்காமல் விடுவது வேறு. கணக்கைச் சரிபார்ப்பதுதானே நம் துறையின் வேலை?

ஓட்டாவா ஒப்பந்தம் எல்லா வெடிகளையும் தடை செய்யவில்லை. டாங்கிகளுக்கு எதிரான வெடிகள் அதில் வராது. ஒரு வீரன் கண்ணால் பார்த்து, தானே விசையை அழுத்தி வெடிக்கவைக்கும் வகையும் வராது. தடைக்குள் வருவது ஒன்றே ஒன்று: மிதித்தவரோ தொட்டவரோ தாங்களே வெடிக்கச் செய்யும் வகை. அங்கே முடிவெடுக்க ஆளே கிடையாது. வந்தது படையாளா, மாடு தேடி வந்த பையனா என்று பார்க்க யாரும் இல்லை. ஆகவே "கண்ணிவெடியா, நாடா" என்று கேள்வியைப் போடுவதே தப்பு. டாங்கிகளை மறிக்க வழி இருக்கிறது, பள்ளம் வெட்டலாம், கான்கிரீட் தடுப்பு வைக்கலாம், கண்காணிக்கலாம், பீரங்கியால் அடிக்கலாம். இவை எல்லாம் கையில் இருக்கும்போது, ஆள் பார்க்காமல் கொல்லும் அந்த ஒரு வகை கூடுதலாக என்ன தருகிறது? கேட்க வேண்டியது இதைத்தான். நார்வேக்கும் ரஷ்யாவோடு நில எல்லை உண்டு. நேட்டோவிலும் இருக்கிறது. அது ஒப்பந்தத்தை விட்டுப் போகவில்லை. ஒரே பகைவன், ஒரே கூட்டணி, ஆனால் வேறு முடிவு. மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஒப்பாய்வு எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வியை ராணுவத்தினரே கேட்டிருக்கிறார்கள். 1996-ல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, 1940 முதல் நடந்த 26 மோதல்களை எடுத்துக்கொண்டு, ஆள்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகள் போர்க்களத்தில் எவ்வளவு உதவின என்று படைத்துறை வல்லுநர்களைக் கொண்டு ஆராயச் செய்தது. விடை உற்சாகம் தருவதாக இல்லை. போரின் போக்கை அவை தீர்மானித்ததற்குச் சான்று அநேகமாக இல்லை, வைத்தவர்களையே அவை பல இடங்களில் முடக்கின. அதே ஆண்டு ஏப்ரலில் ஓய்வுபெற்ற அமெரிக்க உயரதிகாரிகள் 15 பேர் அதிபர் கிளின்டனுக்குத் திறந்த மடல் எழுதி, தடையை ஆதரித்தார்கள். வளைகுடாப் போரை நடத்திய ஷ்வார்ஸ்காஃபும் அதில் ஒருவர். இவர்களை யாரும் கனவு காண்பவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். யதார்த்தவாதத்தின் பெரிய பெயராக நாம் சொல்லிக்கொடுக்கும் மார்கெந்தாவ் கூட, விளைவுகளை எடைபோடும் விவேகத்தைத்தான் அரசியலின் தலையாய குணம் என்றார். வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் பெயரைச் சொல்லி விளைவைப் பார்க்க மறுப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

சரி, விளைவைப் பார்ப்போம்.

தாய்லாந்தும் கம்போடியாவும் 2025 ஜூலையில் ஐந்து நாள் சண்டை போட்டன. பீரங்கி, ராக்கெட், போர் விமானம் எல்லாம் இறங்கின. லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜூலை 16 அன்றும் 23 அன்றும் எல்லையில் ரோந்து போன தாய்லாந்து வீரர்கள் கண்ணிவெடியை மிதித்துக் காயமடைந்தார்கள். இவை புதிதாக வைத்தவை என்றது தாய்லாந்து. இல்லை, பழைய போர்க்காலத்து வெடிகள் என்றது கம்போடியா. தூதர்கள் வெளியேறினார்கள். 24-ஆம் தேதி சண்டை தொடங்கிவிட்டது. எல்லைத் தகராறு பழையதுதான், காரணங்கள் வேறும் உண்டு. ஆனாலும் பொறி விழுந்த இடம் அது. எதிரியைத் தள்ளி நிறுத்தப் புதைக்கும் பொருள், இரண்டு நாடுகளைப் போருக்கு இழுக்க உதவியது. தடுப்பாற்றல், அதாவது எதிரியைத் தாக்கத் துணியவிடாத வலிமை, பற்றி எழுதும்போது நாம் கண்ணிவெடியை எப்போதும் தடுக்கும் பக்கத்திலேயே எழுதுகிறோம். மூட்டிவிடும் பக்கத்திலும் அதற்கு ஒரு வரி வேண்டும்.

நம் வீட்டையும் பார்ப்போம். ஜம்மு காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி, ஊடுருவலைத் தடுக்க வெடிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நம்மிடம் உள்ள எம்14 வகை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிளாஸ்டிக் டப்பா, எடை சுமார் 100 கிராம். மலைச்சரிவில் மழை பெய்தால் என்ன ஆகும்? மண்ணோடு இறங்கும். வேலிக்கு வெளியே, வரைபடத்துக்கு வெளியே போய்ப் படுத்துக்கொள்ளும். கோடையில் காட்டுத்தீ பரவும்போது அவை வரிசையாக வெடிப்பது அங்கே பல முறை செய்தியான விஷயம். 2025 ஜனவரி 14 அன்று ரஜௌரி மாவட்டத்தின் நௌஷேரா பகுதியில் ரோந்து போன நம் வீரர்கள் 6 பேர் கண்ணிவெடியில் காயமடைந்தார்கள். இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் அடியில் ஒரு வரி இருக்கும்: மழையில் வெடிகள் சில நேரம் இடம் மாறிவிடும் என்று. எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறோம்! கால் போனது நம் தென்காசிப் பையனுடையதாக, வேலூர்ப் பையனுடையதாக இருக்கலாம். அவனுக்கு அது அடிக்குறிப்பு இல்லை.

இனி முகமாலை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2002-ல் கேட்காமல் விட்ட கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது அங்கேதான்.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலையில், ஆனையிறவைத் தாண்டியதும் வருகிறது முகமாலை. ஆண்டுக்கணக்கில் இரண்டு படைகளும் எதிரெதிரே பதுங்குகுழி வெட்டி நின்ற முன்னரங்கு அது. இலங்கை ராணுவமும் வைத்தது, புலிகளும் வைத்தார்கள். அடுக்கடுக்காக வைத்தார்கள். உலகின் மிக நெருக்கமான வெடிவயல்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். போர் முடிந்தது 2009 மே மாதம். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு தொண்டு அமைப்போடு மொழிபெயர்ப்பு உதவிக்காக நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். அப்புறம் தலை போன பனைகள். அந்தப் பனைகளுக்கு நடுவே, முகத்தை மறைக்கும் கண்ணாடித் தடுப்பும் கனமான மேலங்கியும் போட்டுக்கொண்டு, பெண்கள் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வெடி அகற்றுபவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். கணவனை இழந்தவர்கள், காணாமல் போனவர்களைத் தேடுபவர்கள், ஒரு குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு தடம். உலோகம் காட்டும் கருவி சத்தம் போட்டால் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தோண்ட வேண்டும். உலோகம் குறைவான வெடியாக இருந்தால் கருவி உதவாது. அப்போது நீளக் கைப்பிடி வைத்த வாரியால் மண்ணை அடுக்கடுக்காகக் கிளற வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை பார்த்து அவர்கள் சுத்தம் செய்யும் நிலம் ஒரு சின்ன வீட்டு முற்றம் அளவு கூட வராது.

இடைவேளையில் ஒரு அக்காவிடம் பேசினேன். கையில் எடுத்ததும் இது எந்தப் பக்கம் வைத்தது என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். பார்த்ததுமே தெரியும் என்றார். ராணுவம் வைத்த வெளிநாட்டு வெடி ஒரு மாதிரி, இயக்கம், அதாவது புலிகள், தானே செய்த ஜொனி என்ற மிதிவெடி ஒரு மாதிரி. பிறகு அவரே, தெரிந்து என்ன செய்ய, இரண்டையும் ஒரே மாதிரித்தானே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். என் படிப்பு முழுவதும் "யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள்" என்பதிலேயே இருந்தது. "யார் எடுப்பார்கள்" என்ற பாடம் அதில் இல்லை.

சொல்லில் கூட இந்த வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் கண்ணிவெடி என்கிறோம். கண்ணி என்பது வைப்பவனுடைய சொல், வேட்டைக்காரனுடைய சொல். வன்னியில் பெரும்பாலும் மிதிவெடி என்பார்கள். அது காலுக்குச் சொந்தக்காரர்களின் சொல். நம் துறை இத்தனை நாள் முதல் சொல்லை மட்டும் வைத்துச் சிந்தித்துவந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இலங்கை 2017 டிசம்பரில் ஓட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்க 2028 வரை கெடு. போர் முடிந்து 19 ஆண்டு ஆகியிருக்கும். பாக்லாந்து தீவுகளில் 1982-ல் அர்ஜென்டினா வைத்த வெடிகளை எடுத்து முடித்தது 2020 நவம்பரில்தான், 38 ஆண்டு கழித்து. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் ஜிம்பாப்வேக்காரர்கள். ஏன் அவர்கள்? ஏனென்றால் 1970-களில், அவர்கள் நாடு ரொடீசியா என்று இருந்த காலத்தில், அதன் ராணுவம் எல்லையில் வைத்த வெடிகள் அவர்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. வெடி எடுக்கக் கற்றுக்கொண்டே வளர்ந்த ஒரு தலைமுறை அது. 2023-ல் மட்டும் உலகம் முழுவதும் கண்ணிவெடிகளாலும் போரில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் 5,757 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அடையாளம் தெரிந்தவர்களில் 84 விழுக்காடு பொதுமக்கள். மியான்மரில் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

கோவை, நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அவுட்டுக்காய் தெரிந்திருக்கும். காட்டுப்பன்றிக்காகப் பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்தை ஒளித்து வைப்பது. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து வாய் சிதறிச் செத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். வைத்தவன் பயிரைக் காப்பாற்றத்தான் வைத்தேன் என்று சொன்னாலும் சட்டம் அவனைப் பிடிக்கிறது. மின்வேலி போட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் செத்தாலும் அப்படித்தான். அவனுடைய பயிர் நிஜம், அவனுடைய நஷ்டமும் நிஜம். என்றாலும், யார் வருவார் என்று தெரியாமல் சாவை வைத்துவிட்டுப் போகும் உரிமை அவனுக்கு இல்லை என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். இந்த நியாயம் ஒரு ஏக்கர் கடலைக்காட்டுக்குப் பொருந்துகிறது. எல்லை என்று வந்ததும் ஏன் பொருந்தாமல் போகிறது? இதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். "தேச நலன்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பதிலாகத் தராதீர்கள். அந்த நௌஷேரா வீரர்களும் எல்லையோர விவசாயியும் தேசத்தில் சேர்த்தி இல்லையா?

இந்திய அரசின் நிலைப்பாட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீண்ட எல்லைகளைக் காக்க இவை தேவை, இதே வேலையைச் செய்யும் மாற்றுத் தொழில்நுட்பம் வரட்டும் என்பது நம் வாதம். ஒப்பந்தத்தில் நாம் இல்லை. அதே நேரம் கண்ணிவெடிகளை ஏற்றுமதி செய்வதில்லை என்ற முடிவை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறோம். வேலி போட வேண்டும், பலகை வைக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்று சொல்லும் வேறொரு சர்வதேச நெறிமுறையை 1999-ல் ஏற்றிருக்கிறோம். இவை நல்ல விஷயங்கள். ஆனால் 2022 ஆகஸ்ட்டில் நிபுண் என்ற புதிய கண்ணிவெடி விழா எடுத்து ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மாற்று வரட்டும் என்று காத்திருப்பவர்கள் மாற்றைத் தேடியதாகத் தெரியவில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஒவ்வொரு ஆண்டும் ஓட்டாவா ஒப்பந்தத்தை ஆதரித்துத் தீர்மானம் வருகிறது. நாம் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்கிறோம்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொன்று. வட இலங்கையில் வெடி எடுக்கும் பணிக்கு இந்திய அரசு பணம் கொடுத்தது. நம் ராணுவத்தின் பொறியாளர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நடத்தும் இந்தியக் குழுக்கள் அங்கே போய் வேலை செய்தன. அந்த நிலத்தில் மக்கள் திரும்பக் குடியேறியிருக்கிறார்கள், கிணறு இறைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு. ஒரு வெடியை எடுக்க என்ன ஆகிறது, எவ்வளவு காலம் ஆகிறது, எவ்வளவு உயிர் போகிறது என்பது நம் நாட்டில் சிலருக்குக் கை ரேகை போலத் தெரியும். அந்த அறிவு டெல்லியில் கொள்கைக் குறிப்பு எழுதும் மேசைக்கு வரவில்லை. நம் வகுப்பறைக்கும் வரவில்லை.

கொண்டுவாருங்கள். நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கண்ணிவெடி பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவரிடம், வைப்பதற்கான செலவோடு எடுப்பதற்கான செலவையும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு ஆகும், அந்த ஆண்டுகளில் அந்த நிலத்தில் யார் நடப்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வேலி, பலகை, பதிவேடு வேண்டும் என்று சொல்லும் அந்த நெறிமுறையின் கீழ் இந்தியா ஆண்டுதோறும் ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுக்கிறது, அதை வகுப்பில் எடுத்துப் படியுங்கள். என்ன எழுதியிருக்கிறது, என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். பொதுச்சபையில் ஒதுங்காமல் ஆதரித்து வாக்களித்தால் நமக்கு எந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும் என்று உங்களில் யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதிக் காட்டினால், நான் முதல் ஆளாகப் படிப்பேன். புதிய உற்பத்தியை ஐந்து ஆண்டு நிறுத்திவைத்துப் பார்க்கலாம் என்று ஒரு பரிந்துரை நம் துறையிலிருந்து போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அறத்தைக் கடைசி அலகில் வைத்து, நேரம் இருந்தால் நடத்துகிற பழக்கத்தையும் விடுங்கள். நெருக்கடி வந்ததும் விதி தளரும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் ஓட்டாவா ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அந்த நெருக்கடியை யோசித்துத்தான் எழுதினார்கள். போரில் இருக்கும் நாடு, அந்தப் போர் முடியும் வரை விலக முடியாது என்று அதிலேயே இருக்கிறது. 2025-ல் உக்ரைன் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது அந்த வரிதான் பெரிய சிக்கலாக நின்றது. கஷ்டகாலத்துக்கென்றே எழுதிய விதியைக் கஷ்டகாலத்தில் என்ன செய்வது? மூன்று மணி நேர வகுப்புக்கு இந்தக் கேள்வி ஒன்று போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் அடுத்து எல்லைப் பாதுகாப்பு பற்றிக் கருத்தரங்கு நடத்தும்போது, மேடையில் ஓய்வுபெற்ற தூதர், ஓய்வுபெற்ற ஜெனரல், பேராசிரியர் என்று வழக்கமான நாற்காலிகள் போடுவீர்கள். அவற்றோடு இன்னும் இரண்டு போடுங்கள். ஒன்று, வெடி எடுத்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதாருக்கு. தமிழ்நாட்டிலேயே கிடைப்பார்கள், வெலிங்டனிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் விசாரித்துப் பாருங்கள். இன்னொன்று, முகமாலையில் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டிய ஒருவருக்கு. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. பயணச் செலவில் என் பங்கைத் தருகிறேன். அவர்கள் பேசும்போது இடையில் மணி அடிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் பழைய மாணவன்